அரைச் சாண் திரை

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஒன்றுதான்.
ஏப்ரல் பாதி தாண்டினால் அதுவும் எர்லண்டுக்கு.
பதினேழு நாள் ஸ்னூக்கர்.
பச்சைத் துணி, கழுத்தில் வில் கட்டிய ஆண்கள்,
ஒருவர் குனிய, மற்றவர் தண்ணீர் குடிப்பார்.

என் கணினி வெறும் விசைப்பலகை.
மூளை முழுக்க எழுத்துகளுக்கு அடியில்,
முகம் கிடையாது.
முகம் வேண்டுமானால் தொலைக்காட்சியிடம் கையேந்தணும்,
மின்சாரத்துக்கு அதன் முதுகுக்குப் பின்னால்
ஒளிந்திருக்கும் பிளக்கிடம்.

"இந்த ஃப்ரேம் முடியட்டும்" என்பான்.
முடியும். அடுத்தது பிறக்கும்.
நாளைக்குப் படகு வருமா வராதா என்று
காற்றைக் கேட்டுச் சொல்லும் ஒரு நிரலை
இரண்டு வருஷமாய் எழுதுகிறேன்,
ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில்.

வெஸ்ட்ரே தீவில் டிக்கெட் கிழிப்பவளுக்கு
அதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

ஒரு ஞாயிறு ஷார்ட்பிரெட் டப்பாவைக் காலி செய்தேன்
(கடைசி நாலு துண்டும் நானேதான்).
செத்த மடிக்கணினியின் வயிற்றைப் பிளந்ததில்
ஆறு பேட்டரியில் இரண்டு உயிரோடிருந்தன.
தகரம் யாரோடும் ஒட்டிக்கொள்ளும் குணம்,
அதனால் உள்ளே சைக்கிள் டியூபை வெட்டி விரித்தேன்.
அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே ஒரு திரை.
கீலுக்கு எர்லண்டின் மூக்குக்கண்ணாடிக் கூடு.
இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறான்.

முதலில் உலகம் தலைகீழாய் வந்தது.
கோப்பில் ஒற்றை எண்ணை மாற்றினேன், நிமிர்ந்தது.
பிறகு மூலையில் மஞ்சள் மின்னல் குறி:
பசிக்கிறது, பசிக்கிறது.
நான் போட்ட கம்பி மயிரிழை.
வாசலில் கொடுத்த ஐந்து வோல்ட்
அடுப்படி போவதற்குள் நாலரை.
தடித்த கம்பி, குட்டைக் கம்பி, மறுபடி பற்றாசு,
கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.
மின்னல் போயிற்று.

இறுதி ஆட்டத்தன்று இரவு
வால் இல்லாத கணினியை இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.
மாடிப்படியில் திறந்து பார்த்தேன்.
குளியல் தொட்டியில், தண்ணீர் இல்லாமல்.
அப்புறம் காரை எடுத்துத் துறைக்கே போனேன்.
நாயோடு வந்த ஜெஸ்ஸி ஆன் ட்ரெவர் ஜன்னலைத் தட்டி,
"டோஸ்டரா அது?" என்றாள்.

நிரலை ஓட்டினேன்.
இணைப்பு இல்லை என்றது.
துறையில் சிக்னல் எட்டாது.
காற்று காரையே தொட்டிலாட்ட,
காற்றைப் பற்றிக் கேட்க வழியில்லாமல்
நானும் அதுவும் முழித்தோம்.
கடைசியில் கதவைத் திறந்து பார்த்தேன்,
இரண்டு கையும் வேண்டியிருந்தது.
குத்துமதிப்பாய் நாற்பது நாட் என்று தட்டினேன்.
வராது, என்றது.

வீடு திரும்பும்போது ஒன்பது சதவீதம்.
பிளக்கைத் தேடித் தொலைக்காட்சியின் பின்னால்
நான் ஊர்ந்துகொண்டிருந்தபோது
தீவு முழுக்க விளக்கு அணைந்தது.

இருட்டில் எர்லண்டின் குரல்,
கடைசி ஃப்ரேம், கறுப்பு மட்டும் பாக்கி.
கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக:
"அந்த உன் டப்பாவில்..."

என் பட்டன் கைபேசி சிக்னலை இரவல் தரும்,
படம் காட்டாது. இது காட்டும்.
தரையில் இரண்டு தலையும் இடிக்க உட்கார்ந்தோம்.
கையகலப் பச்சை. கடுகளவு பந்து.
ஏழு. ஐந்து. மூன்று.
அவன் மூச்சில் திரை மங்கியது, முழங்கையால் துடைத்தேன்.
கறுப்பு உருண்டது,
குழியின் உதட்டில் நின்று யோசித்தது,

அவ்வளவுதான்.

விழுந்தது என்கிறான் அவன்.
இல்லை, திரும்பி வந்தது என்கிறேன் நான்.
விடியற்காலையில் டவரும் படுத்துவிட்டது.
படகு வரவில்லை, அதனால் செய்தித்தாளும் இல்லை.
நிரல் சொன்னது சரிதான் என்று
அவனிடம் சொல்லிக்கொண்டேயிருக்கிறேன்,
விழுந்தது, என்கிறான்.